பன்னிரண்டு நிமிட அப்பா

போன வாரம் உங்கள் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீயும் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் போட்டிக்காரர்களை அடைத்து வைத்திருக்கும் அந்த வீட்டின் ஒரு மூலை. ஒரு மூலையில் போட்டிக்கு வந்த பெண் அழ ஆரம்பித்ததும், உங்களில் ஒருவர், "நிஜமாவே அழுறாங்க சார்!" என்று துள்ளினார். பக்கத்தில் இருந்த உங்கள் குழுத் தங்கை ஒருத்தி என் பக்கம் திரும்பி, "நிஜம்னா என்ன சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியோடுதான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிணற்றடிதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வீடியோ ஸ்டூடியோ. ஒரே கேமரா. தோளில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டும். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அன்று நல்ல நேரம். இன்னொன்று, அந்தக் கேமராவின் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். கேசட்டில் கலராகப் பதியும், எடுக்கிறவனுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை. அதனால் நான் எடுத்த நாட்களெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கறுப்பு வெள்ளையாகவே நினைவில் இருக்கின்றன. அரக்குப் பட்டு கட்டியிருந்த பெண்ணை நான் சாம்பல் புடவையில்தான் பார்த்திருக்கிறேன். யார் பார்த்தது சரி?

கல்யாண வீடுகளில் எங்கள் அதிகாரம் புரோகிதர் அதிகாரத்துக்கு ஒரு படி மேலே. "அண்ணாச்சி, பால் பழம் குடுத்தது சரியா விழல, இன்னொரு தடவை குடுங்க" என்றால் கொடுப்பார்கள். ஒருமுறை மில் ஓனர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பெண்ணை வழியனுப்பும்போது அவள் அழவேயில்லை, விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். நான் காரை நிறுத்தி, "வாசல்ல இருந்து இன்னொரு தடவை நடந்து வாங்கம்மா" என்றேன். பாவம், இறங்கிப் போய் மறுபடி வாசற்படியில் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு வீட்டை விட்டுப் போகிறோம் என்று உறைத்ததோ என்னவோ, நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், கல்யாண வீடே சேர்ந்து அழுதது. அவள் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை நிஜம், இரண்டாம் தடவை நடிப்பு என்றுதானே சொல்ல வேண்டும்? எனக்கு அன்றைக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. கொஞ்சம் சோடித்துக் கொடுத்தால் நிஜம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

அந்தத் தலைக்கனத்தோடு இருந்தபோதுதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செல்வி ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். கையில் அண்ணன் எழுதிய இன்லண்ட் லெட்டர். அண்ணன் கணேசன் ராணுவத்தில் இருந்தான். பனி விழுகிற எங்கோ ஓர் எல்லை. அவர்கள் கேம்ப்புக்குப் புதிதாக டி.வி.யும் வீடியோ டெக்கும் வந்திருக்கின்றன, வீட்டைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீட்டையும் உங்களையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். கூட வேலை பார்க்கும் சேத்தூர்க்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார், அவர் திரும்பும்போது கேசட்டைக் கொண்டு போவதாக ஏற்பாடு.

நான் போன அன்று ஐப்பசி மழை விட்டிருந்தது. மேற்கே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள். ஈரத்தில் தெரு மினுங்கியது, கோபுரம் ஏதோ இப்போதுதான் தரையிலிருந்து எழுந்து வந்தது போல நின்றது. அன்றைய வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் கனவில் கண்டது மாதிரிதான் விழும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.

கணேசனின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. பத்து எட்டு நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். பேசும்போது பாதி வார்த்தையில் மூச்சு நின்றுவிடும். நோய் முற்றியிருந்தது மகனுக்குத் தெரியாது. கடிதத்தில் "நலம்" என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நான் எப்பவும்போல இருக்க மாதிரி எடுத்துரு" என்றார். "அவன் இருந்தப்ப காலையில இருபது வாளி எறைச்சு தென்னைக்கு ஊத்துவேன். அதை எடு."

"அப்பா, உங்களால முடியுமா?" என்றாள் செல்வி. "அண்ணனுக்கு உள்ளதைச் சொன்னா என்ன? அது வந்து பாத்துட்டுப் போகட்டுமே."

"ஏட்டி, அவனுக்கு கேடர் இருக்கு. இப்ப விட்டா பொறவு எப்ப?"

கேடர் என்பது பதவி உயர்வுக்கான பயிற்சி. இடையில் லீவு எடுத்தால் வாய்ப்பு போய்விடும். மகன் மேலே வர வேண்டும் என்பது ஒன்று, தன்னை ஓய்ந்துபோனவனாக மகன் பார்க்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரியாது என நினைக்கிறேன். அம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்குக் குஷி. சோடிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? சட்டையைக் கழற்றச் சொல்லி, எப்போதும்போல வேட்டி பனியனில் கிணற்றடிக்குக் கூட்டிவந்தேன். பெரியவர் கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தார், நிறுத்தினேன். மீதியைச் செல்வி இழுத்தாள். நிறைந்த வாளி கிணற்று விளிம்புக்கு வந்ததும் பெரியவர் கையை அதன் மேல் வைக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். அதைத் தென்னைக்குக் கவிழ்க்கவைத்தேன். அதுபோல நான்கு வாளி. தெருவில் நான்கு எட்டு நடக்கவைத்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை எடுத்தேன். வெட்டி ஒட்டினால் கோயில்வரை போய்வந்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு இருமல் வந்தது. நின்றுவிட்டு மறுபடி நடந்தார். அம்மா கேமராவைப் பார்த்து, "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டார். அது மட்டும் நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

அதன் பிறகு செல்வி பால் வாங்கக் கடைக்குப் போனாள். பெரியவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நான் கேமராவைக் கிணற்றடித் திண்டில் இறக்கி வைத்தேன்.

"தம்பி, இப்ப அவன் பாக்கானா?" என்று கேட்டார்.

"இல்லய்யா, நிறுத்திட்டேன்."

அதற்காகவே காத்திருந்தவர் போல இருமத் தொடங்கினார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. அம்மா ஓடிவந்து வெந்நீரைக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்கியதும் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனாம்னா நல்லாருக்கும். ஆனா நான் எப்படிக் கேக்க? கேட்டா ஓடி வந்துருவான். இதையெல்லாம் எடுத்துராத, என்ன?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேமராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்த மறந்திருந்தேன்.

புறப்படும்போது செல்வி தெருமுனைவரை கூடவே வந்தாள். "அண்ணே, தெருவுல நடக்கும்போது அப்பா இருமுனாகல்ல, அது ஒண்ணை மட்டும் வெட்டாம விட்டுருங்க. வேற எதும் சொல்ல வேண்டாம். எங்கண்ணன் புரிஞ்சுக்கிடும்" என்றாள். "பாப்போம்மா" என்றேன். நாம் "பார்ப்போம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் இரண்டு டெக்கையும் இணைத்து உட்கார்ந்தேன். திண்டில் கிடந்த கேமரா பதிந்த இடம் வந்தது. படத்தில் கிணற்றுச் சுவரும், பெரியவரின் ஒரு பாதமும். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன்.  ஆனாலும் எடுக்காதே என்றாரே, நாம் யார் அதைக் காட்ட என்று சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதுவரைக்கும் சரி. தெருவில் வந்த இருமல்? அதை வெட்டு என்று அவர் சொல்லவில்லை, வெட்டாதே என்று அவர் மகள் கேட்டாள். அதையும் வெட்டினேன். ஏன் தெரியுமா? நடை அழகாக ஓடிக்கொண்டிருந்தது, இருமல் அதைக் கெடுத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு நானே வேறு காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஒட்டவில்லை.

பன்னிரண்டு நிமிடம் வந்தது. சேத்தூர்க்காரர் கொண்டு போனார். மூலக் கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தில் யாருடைய கல்யாணத்தையோ பதிந்தேன். அப்போதெல்லாம் அப்படித்தான், ஒரு கேசட்டைத் தேயும்வரை விடமாட்டோம்.

ஒரு மாதம் கழித்து செல்வி கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கேம்ப்பில் என் கேசட் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால், "கணேசன் வீட்டைப் போடு" என்று பஞ்சாப்காரர்களும் மலையாளிகளும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். பெரியவர் வாளியைக் கவிழ்த்ததும் கைதட்டல். அம்மா "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்கும் இடத்தில், தமிழ் தெரியாத அத்தனை பேரும் சேர்ந்து கேட்பார்களாம். ஆபீசரே வந்து பார்த்தாராம். முன்பின் தெரியாத ஒரு வீட்டை, நாற்பது பேர் வாரா வாரம் பார்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கெல்லாம் முப்பாட்டன் அது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டு, "இருமல வெட்டிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல உங்களுக்குத் தந்தியைப் பற்றித் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் ராணுவத்தில் லீவு வேண்டுமென்றால் ஊரிலிருந்து ஒரு தந்தி வரும்: தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படவும். அறுப்புக்கு வர வேண்டுமா, கொழுந்தியாள் கல்யாணமா, எல்லாவற்றுக்கும் அதே தந்திதான். எத்தனை அப்பாக்கள் எத்தனை முறை கவலைக்கிடமானார்கள் என்று எந்த ஆபீசரிடமும் கேட்டுப்பாருங்கள். ஆகவே தந்தி வந்தால் முதலில் சிரிப்பார்கள்.

தை பிறந்து சில நாளில் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்வி அவருக்குத் தெரியாமல் போய்த் தந்தி கொடுத்தாள். கடைசியில் "இது நிஜம்" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னாளாம். தந்தி ஆபீஸ்காரர், "எல்லாரும் அதையும்தான் சேக்காகம்மா" என்று சொல்லிக்கொண்டே சேர்த்தாராம்.

கணேசன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அடுத்த தந்தி போனது. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பெரியப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. முற்பகல் வெயில். கணேசன் மொட்டைத் தலையோடு அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் எனக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"தந்திய ஆபீசர் கையில வச்சிக்கிட்டு என்னையக் கூப்பிட்டாரு" என்றான். "'கிணத்துல தண்ணி எறைச்சாரே, அந்த அப்பாவா?'ன்னு கேட்டாரு. கூட இருந்தவிய எல்லாம் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். 'தங்கச்சி பயந்தவ சார், கேடர் முடிச்சிட்டே போறேன்'னு சொல்லிட்டேன்."

 நான் கைவேலைப்பாட்டோடு செய்துகொடுத்த பொய், மெய்யான ஒரு தந்தியை ஆபீசர் மேஜையில் வைத்துத் தோற்கடித்திருந்தது. அதில் நடக்காத காட்சி ஒன்றுகூட இல்லை. அவர் கயிற்றைப் பிடித்தது உண்மை, வாளி நிறைந்து வந்தது உண்மை, அவர் தண்ணீரை ஊற்றியதும் உண்மை. வரிசை மட்டும்தான் என்னுடையது. நீங்கள் நாள்தோறும் வெட்டி ஒட்டுவதும் அப்படித்தானே? அன்றிலிருந்து நான் நிஜமா பொய்யா என்று மட்டும் கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். அது தத்துவம் படித்தவர்களுக்கே பிடிபடாத விஷயம். இதைப் பார்த்துவிட்டு யார், என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று கேட்டுக்கொள்வேன். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். பதில் பிடிக்காமல் சில நிகழ்ச்சிகளிலிருந்து விலகியும் இருக்கிறேன், தெரிந்தே தவறியும் இருக்கிறேன்.

கணேசன் கேட்டான்: "வெட்டுனது இருக்குமா? அப்பா சும்மா உக்காந்திருந்தது, இருமுனது, எதுனாலும் பரவாயில்ல. அதைக் குடுங்க."

இல்லை என்று எப்படிச் சொல்வது? "அது மேல வேற ஒரு கல்யாணத்தைப் பதிஞ்சிட்டேன்" என்றேன். சொன்ன வார்த்தை என் காதுக்கே கேவலமாக இருந்தது.

அவன் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்க பாத்தீங்கல்ல? அப்ப நீங்க சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். கேமரா இல்லாமல், டேக் இல்லாமல், முதலிலிருந்து சொன்னேன். இஸ்திரிச் சட்டை, இரண்டு இழுப்பு, மீதியைச் செல்வி இழுத்தது, நான்கு எட்டு, சுவரைப் பிடித்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"என்னையப் பத்தி எதும் சொன்னாரா?" என்றான்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வெந்நீர் கொடுத்தபோது பெரியவர் சொன்னதைக் காதால் கேட்டவர். வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினார். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. புருஷன் போய்விட்டார், மகனாவது இந்த முள் இல்லாமல் கேம்ப்புக்குத் திரும்பட்டும் என்று ஒரு தாய் நினைக்கிறார். "ஒன்றும் சொல்லவில்லை" என்றால் போதும். எடுக்காதே என்று பெரியவரும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆனால் கேட்கிறவன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுக்காக ஒருமுறை நான் வெட்டியிருந்தேன், வந்ததை அவன்தான் அனுபவித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் வெட்ட எனக்குக் கை வரவில்லை.

"ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனாம்னா நல்லாருக்கும், நான் எப்படிக் கேக்க, கேட்டா ஓடி வந்துருவான்னு சொன்னாரு" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.  செல்வி கிணற்றுத் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இதைத்தானண்ணே நான் நிஜம்னு எழுதிக் குடுத்தேன். நீ ஏன் நம்பல?"

கணேசன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நம்பாம இல்லட்டி. அப்பா தண்ணி எறைச்சா பனியன் நெஞ்சு வரைக்கும் நனைஞ்சிரும்ல? படத்துல காஞ்சு கெடந்துச்சு. மொதத் தடவை போட்டப்பவே பாத்துட்டேன்" என்றான். "நம்புனா கேடரை விட்டுட்டுக் கெளம்பி வரணுமே."